சினை ஆடு எழவில்லை, அவசரம்!

கிடைக்காரன்:
நேற்றுத் தீவனம் வைத்ததும் மற்ற செம்மறிகள் முண்டியடித்து வந்தன. இது மட்டும் வேலியோரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. இன்று படுத்துவிட்டது, பல்லை நறநறவென்று கடிக்கிறது. குடற்புழு மருந்து கொடுத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

மேய்ப்பன் 2:
எத்தனை மாதச் சினை? வயிற்றில் எத்தனை குட்டி? என்ன தீவனம்?

பசுந்தழை:
கால்சியம் குறைவுதான். என் ஆடும் இப்படித்தான் விழுந்தது. தோலுக்கடியில் ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் எழுந்து மேய்ந்தது.

பழைய பட்டி:
வருடந்தோறும் இதே கேள்வி. மன்றத்தின் பழைய உரையாடல் இழைகளைப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. சினைக்காலம் சுமார் 147 நாள். கரு பெரும்பாலும் வளர்வது கடைசி ஆறு வாரத்தில். அப்போதுதான் இரைப்பைக்கு இடமும் குறைகிறது. தின்பது போதாமல் ஆடு தன் கொழுப்பைக் கரைக்க, அதில் உண்டாகும் கீட்டோன் என்ற கழிவு இரத்தத்தில் பெருகுகிறது. இதுதான் சினைநச்சு நோய். வாயை முகர்ந்து பாருங்கள் தம்பி, நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் வாடை வருகிறதா?

கிடைக்காரன்:
நாலரை மாதம். வாடை வருகிறது. ஆனால் இது கொழுத்த ஆடு ஐயா, பட்டினி கிடக்கவில்லை. அதிகம் பருத்துவிட்டதே என்று இரண்டு வாரமாகத் தீவனத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான்.

பழைய பட்டி:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! இந்த நோய் மெலிந்ததற்கும் வரும், கொழுத்ததற்கும் வரும். குறைக்கக் கூடாத நேரத்தில் குறைத்திருக்கிறீர்கள்.

வெள்ளாட்டுப்பிரியன்:
சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பழைய பட்டி:
இரைப்பையின் நுண்ணுயிர்களே அதைத் தின்றுவிடும். இரத்தத்துக்கு என்ன மிஞ்சும்?

வெள்ளாட்டுப்பிரியன்:
என் தாத்தா அப்படித்தான் காப்பாற்றினார்.

பழைய பட்டி:
பிழைத்ததை மட்டும் தாத்தா சொல்லியிருப்பார்.

மேய்ப்பன் 2:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காரரே, கண்ணெதிரே கையை ஆட்டினால் இமைக்கிறதா? விழுங்க முடிந்தால் மட்டும் புரொப்பிலீன் கிளைக்கால் (உடலில் குளுக்கோஸாக மாறும் திரவம்) 60 மில்லி, காலையும் மாலையும். விழுங்காத ஆட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். படுத்துவிட்டதால் இது மட்டும் போதாது, மருத்துவரை இன்றே அழையுங்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார். நாள் நெருங்கியிருந்தால் ஊசி போட்டு ஈன வைப்பார். நிற்கும் ஆடுகளுக்கு அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கொட்டினால் வயிறு புளித்து அவையும் விழும்.

(மூன்று நாள் கழித்து)

கிடைக்காரன்:
மருத்துவர் குளுக்கோஸும் கால்சியமும் கொடுத்து ஈன வைத்தார். இரண்டில் ஒரு குட்டி இறந்தே பிறந்தது. தாய் எழுந்து நிற்கிறது. நன்றி.

பசுந்தழை:
கால்சியம் என்று நான் அன்றே சொன்னேன்.