மார்கரிட்டாவுக்கு குவாந்த்ரோதான் வேண்டுமா?

வண்ணார்பேட்டை மாப்ள:
போன சனிக்கிழமை மொட்டை மாடியில் கூட்டாளிகளுக்கு மார்கரிட்டா காக்டெய்ல் கலக்கினேன். 50 மில்லி டெக்கீலா, 20 மில்லி ஆரஞ்சு லிக்கர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது), 15 மில்லி எலுமிச்சைச் சாறு. லிக்கர் மட்டும் பிரெஞ்சு பிராண்டான குவாந்த்ரோ இல்லை, பெங்களூரிலிருந்து வாங்கி வந்த மலிவான ட்ரிபிள் செக், அதுவும் ஆரஞ்சு லிக்கர்தான். ஒருத்தனும் குறை சொல்லவில்லை. பாதி விலைகூட இல்லாத பாட்டிலே போதும் என்கிறேன்.

வளைகுடா நெல்லையான்:
ஓசியில் குடித்தவன் குறை சொல்லுவானா? லேபிளைத் திருப்பிப் பாருங்கள். குவாந்த்ரோவில் ஆல்கஹால் 40 சதவீதம். உங்கள் பாட்டில் எத்தனை?

வண்ணார்பேட்டை மாப்ள:
15. அதனால் என்ன?

வளைகுடா நெல்லையான்:
20 மில்லியில் 8 மில்லி ஆல்கஹால் வர வேண்டிய இடத்தில் 3 மில்லிதான் வருகிறது. மீதி சீனியும் தண்ணீரும். மார்கரிட்டா என்று சொல்லி டெக்கீலா சர்பத் கொடுத்திருக்கிறீர்கள்.

வண்ணார்பேட்டை மாப்ள:
5 மில்லிதானே குறைகிறது? டெக்கீலாவை 12 மில்லி கூட்டி ஊற்றினால் கணக்கு நேர். அதற்காக ஆயிரக்கணக்கில் அழ வேண்டுமா?

வளைகுடா நெல்லையான்:
போதை நேராகும், வாசம் நேராகாது. ஆரஞ்சு மணம் சாற்றில் இல்லை, தோலில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. அது தண்ணீரோடு சேராது, ஆல்கஹாலில்தான் கரையும். 15 சதவீதத்தில் எவ்வளவு நிற்கும்? குவாந்த்ரோவை பிரான்சின் ஆஞ்சே ஊரில் 1875 முதல் இனிப்பு ஆரஞ்சுத் தோலும் கசப்பு ஆரஞ்சுத் தோலும் சேர்த்து வடிக்கிறார்கள். சும்மா பேருக்குத்தான் காசு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கமலா ரசிகன்:
எதற்கு இவ்வளவு சண்டை? கமலாப்பழம் பிழிந்து ஊற்றினால் ஆகாதா?

வளைகுடா நெல்லையான்:
ஆகும், ஜூஸ் ஆகும்.

புளியங்குடிக்காரன்:
இரண்டு பேரும் எலுமிச்சையை மறந்துவிட்டீர்கள். வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் விதையில்லாத பெரிய எலுமிச்சைக்கு எழுதியவை. நம்ம சந்தைக்கு வருவது சின்னப் பழம், புளிப்பும் நெடியும் கூட. அந்தப் புளிப்புக்கு முன்னால் மலிவு லிக்கரின் கூடுதல் சீனி உதவியாகத்தான் இருக்கும். மார்கரிட்டா மட்டும் என்றால் என் ஓட்டு மாப்ளைக்கு.

ஆனால் சைட்கார் என்கிற காக்டெய்லில் அந்த வேலை நடக்காது. 50 மில்லி கோன்யாக் (பிரெஞ்சு பிராந்தி), 20 லிக்கர், 20 எலுமிச்சைச் சாறு. கோன்யாக்கில் டெக்கீலாவின் காரம் கிடையாது. லிக்கரில் உள்ள குறை அப்படியே நாக்கில் தெரியும். நான் ஒருமுறை செய்து பார்த்தேன். காய்ச்சல் மருந்து நினைவுக்கு வந்தது.

இன்னொன்று. ஒரு இணையக் கடையில் "ட்ரிபிள் செக்" என்று வாங்கினேன். வந்தது சொட்டு ஆல்கஹால்கூட இல்லாத சிரப். ஜூஸ் கடைகளில் ஊற்றுகிற நீல குராசாவோவும் (குராசாவோ என்பதும் ஆரஞ்சு லிக்கரின் பெயர்தான்) இந்த சிரப் ஜாதிதான். பார்த்து வாங்குங்கள்.

பாளை அண்ணாச்சி:
தம்பிகளா, குராசாவோ கதை தெரியுமா? ஸ்பெயின்காரர்கள் கரீபியன் கடலில் உள்ள குராசாவோ தீவில் ஆரஞ்சு நட்டார்கள். காய்ந்த பூமி, பழம் கசந்து போனது, தின்ன முடியவில்லை. ஆனால் தோலைக் காயவைத்தால் அப்படி ஒரு மணம். அதிலிருந்துதான் இந்த லிக்கர் வகையே வந்தது. நீலம் வெறும் சாயம்.

ஆக விஷயம் தோல். 500 மில்லி வோட்காவில் ஆறு கமலாவின் தோலைப் போடுங்கள். கூடவே ஒரு நார்த்தங்காய்த் தோல், அது கசப்புக்கு. நான்கு நாள் ஊறட்டும். வடிகட்டி 300 மில்லி சீனிப்பாகு சேருங்கள். நம்மூர் வோட்கா 42.8 சதவீதம், பாகு சேர்ந்ததும் 27-க்குப் பக்கத்தில் நிற்கும். மாப்ளையின் பாட்டிலைவிட மேல், செலவும் குறைவு. நலங்கு மாவுக்கு வீட்டில் காயவைத்த பழைய தோலைப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், பரண் வாசம் வந்தது.

வளைகுடா நெல்லையான்:
அண்ணாச்சி, 27 என்றாலும் அது குவாந்த்ரோ ஆகாது. சரி, மார்கரிட்டாவில் விட்டுக்கொடுக்கிறேன், சைட்காரில் மாட்டேன். சாரலுக்கு ஊருக்கு வரும்போது பாட்டில் கொண்டுவருகிறேன், கண்ணைக் கட்டிக் குடித்துப் பார்ப்போம்.

வண்ணார்பேட்டை மாப்ள:
வரியில்லாமல் 2 லிட்டர்தானே கொண்டுவர விடுவார்கள்? அதில் ஒரு லிட்டரை லிக்கருக்கு விடுவீர்களா?

வளைகுடா நெல்லையான்:
அங்கேதான் இடிக்கிறது. ஒரு லிட்டர் மாமாவுக்கு ஸ்காட்ச், அதில் கை வைக்க முடியாது. இன்னொன்று மச்சானுக்கு. அவரிடம் பேசிப் பார்க்கிறேன்.

வண்ணார்பேட்டை மாப்ள:
பேசுங்கள். அண்ணாச்சி, நார்த்தங்காய்த் தோலை வெள்ளையோடு போடலாமா, சீவிப் போட வேண்டுமா?

பாளை அண்ணாச்சி:
சீவித்தான். வெள்ளை இருந்தால் கசப்பு தொண்டையைவிட்டு இறங்காது.