பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு எந்தப் பிக்கப்பை மாற்றலாம்?

வணக்கம் நண்பர்களே. என் பத்துத் தந்தி பெடல் ஸ்டீல் கிட்டாரின் பிக்கப் (தந்தி அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பாகம்) போய்விட்டது. இ9 டியூனிங், பழைய சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் வகை. சத்தம் திடீரென்று மெலிந்து தகரத்தில் தட்டுவது போல ஆகிவிட்டது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் உள்ளே சுற்று அறுந்திருக்கிறது. நல்ல நிலையில் இந்த வகை 17 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டும்.

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில்தான் வாசிக்கிறேன். நான் அதிகம் வாசிப்பது கல்யாணியும் சிந்துபைரவியும். தந்திமேல் வைக்கும் உலோகப் பாரை ஒரே தந்தியில் இழுத்துக் கமகம் பிடிக்கும்போது ஸ்வரம் தேயத் தேய வால்யூம் பெடலை மிதித்துத் தாங்க வேண்டும். அப்போது 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே ஏறுகிறது. அதனால் பில் லாரன்ஸ் 710, ஜார்ஜ் எல்ஸ் இ-66 போன்ற, இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் வகைப் பிக்கப் பக்கம் மனம் போகிறது. ஆனால் சிங்கிள் காயிலில் மேல் தந்திகள் பாடும் அந்தத் தெளிவை விடவும் மனமில்லை.

இங்கே நான் கேட்ட கடைகளில் ஆறு தந்திக்கானவை மட்டுமே இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவோடு 9% ஜிஎஸ்டியும் சேரும், அதனால் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

இந்த இரண்டு ஹம்பக்கர்களில் ஏதாவது ஒன்றில் வாசித்தவர்கள் இருந்தால், நீண்ட இழுப்பில் ஸ்வரம் எப்படி நிற்கிறது என்று சொல்லுங்களேன். அப்புறம், சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ பழைய பிக்கப்பை மறுபடி சுற்றித் தருபவர் யாராவது இருக்கிறார்களா? அது முடியுமென்றால் முதலில் அதைத்தான் செய்வேன்.