கேம்பஸ் போலீஸ் (அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தாங்களே வைத்திருக்கும் போலீஸ்) நிறுத்திய அனுபவம்: புகாரை யாரிடம் கொடுத்தீர்கள்?

ராத்திரி லேப்:
கலிபோர்னியா. இரவு 2.30, லேபிலிருந்து திரும்புகிறேன், ஐடி கார்டை மேசையிலேயே விட்டுவிட்டேன். டார்ச் வெளிச்சம் நேராக முகத்தில். பையைத் திற என்றார். எவர்சில்வர் டப்பாவைக் காட்டி அதையும் என்னையே திறக்கச் சொன்னார். காய்ந்துபோன தயிர் சாதம், ஓரத்தில் ஊறுகாய். அதன்மேல் டார்ச் அடித்துக்கொண்டு அவர் நின்ற அந்த ஒரு நிமிடம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மறுநாள் புகார் கொடுக்கப் போனால், படிவத்தை வாங்கியது அதே ஸ்டேஷன், விசாரித்தது அவருடைய மேலதிகாரி. ஆறு வாரம் கழித்து ஒரே வரியில் பதில், விதிமீறல் இல்லையாம். எனக்கு மன்னிப்புகூட வேண்டாம், அந்த ஸ்டேஷனைச் சேராத யாராவது ஒருவர் அதைப் படித்திருக்க வேண்டும்.

பனியூர்க்காரி:
எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். என் ரூம்மேட்டுக்கு இழுப்பு வந்து மூச்சு முட்டியபோது ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்து நின்றது கேம்பஸ் போலீஸ்தான். அந்தப் போலீஸ் அம்மா தரையில் மண்டி போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்று இரண்டு என்று அவளோடு சேர்ந்து மூச்சு விட்டார். இவர்களை எடுத்துவிட்டு இந்த வேலையை ஊர் போலீஸிடம் ஒப்படைத்தால் எந்தக் கட்டடம் எங்கே என்றே அவர்களுக்குத் தெரியாது. மேற்பார்வை வேண்டும், சரி, அதைப் பல்கலைக்கழகத் தலைவரே செய்யட்டும்.

பழைய மாணவன்:
தலைவரா? 2011 நவம்பர் 18 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், போராட்டத்தில் கைகோத்துத் தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் முகத்தில் கேம்பஸ் போலீஸார் பெப்பர் ஸ்பிரே அடித்தார்களே, போராட்டக் கூடாரங்களை அகற்றச் சொன்னதே நிர்வாகம்தான். உத்தரவு போட்டவரே கண்காணிப்பவராகவும் இருந்தால் எப்படி? அதற்கப்புறம் 2014-ல்தான் போலீஸ் மீதான புகார்களைப் பார்க்க மாணவர், ஆசிரியர், ஊழியர் சேர்ந்த குழு ஒன்று அங்கே வந்தது. என்னை ஒருமுறை சைக்கிளில் விளக்கு இல்லை என்று நிறுத்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் ராத்திரி லேப், இதைக் கேளுங்கள்: பேட்ஜ் நம்பரையும் நேரத்தையும் அன்றைக்கே எழுதிவையுங்கள், கேமராப் பதிவை உடனே எழுத்து மூலம் கேளுங்கள், நாளானால் இருக்காது, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பொது ஆவணச் சட்டப்படி கேட்க வழி உண்டு, தனியாரில் பல இடங்களில் அதுவும் கஷ்டம். ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) நகல் எப்போதும் பையில் இருக்கட்டும், விசா பயத்தில் சும்மா இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது தெரு:
அந்த டேவிஸ் குழு பரிந்துரைதான் செய்யும், கடைசி முடிவு போலீஸ் தலைவர் கையில். அதோடு எல்லாரும் மாணவர்களை மட்டுமே நினைக்கிறீர்கள். 2015-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகப் போலீஸ்காரர் சுட்டு இறந்த சாமுவேல் டுபோஸ் மாணவரே இல்லை, நடந்ததும் வளாகத்துக்கு வெளியே, காரில் முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று நிறுத்தப்போய். அந்தத் தெருக்காரர்களுக்குக் குழுவில் இடம் எங்கே? நாங்கள் வேறொரு ஊரில் வளாகத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா, காலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு நடக்கப் போனவரை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு இங்கிலீஷ் வராது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்தப் போலீஸ் பையன் முன்னால், அவனுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும், அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். ஊருக்குக் கிளம்பும்வரை மிச்சமிருந்த இரண்டு மாதமும் எங்கள் பார்க்கிங்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தார்.