புயலில் போன வாடகை வீடுகளைத் திரும்பக் கட்ட அரசுப் பணம் எப்போது வரும்?

கேள்வி:
2017-இல் ஹார்வி புயல் வந்தபோது அமெரிக்காவின் ஹூஸ்டனில் வாடகை வீட்டில் இருந்தோம். முழங்கால் வரை தண்ணீர். வடிந்த பிறகு சுவரில் நின்ற பழுப்புக் கோடும், ஊறி உப்பிய அலமாரிக் கதவும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) கொடுத்த பணம் தற்காலிக வாடகைக்குச் சரியாகப் போனது. குறைந்த வாடகை வீடுகளைத் திரும்பக் கட்ட எங்கிருந்து பணம் வருகிறது? ஏன் இத்தனை தாமதம்?

பதில் 1:
ஃபீமா அவசர உதவிக்குத்தான். பெரிய அளவில் கட்டும் பணம் ஹட் எனும் வீட்டுவசதித் துறையின் பேரிடர் மீட்பு மானியமாக மாநிலங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு பேரிடருக்கும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனியாக ஒதுக்க வேண்டும். அப்புறம் மாநிலம் திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

பதில் 2:
பணம் வந்தாலும் கணக்கைப் பாருங்கள். 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு, லூசியானா மாநிலத்தின் 'ரோடு ஹோம்' திட்டத்தில் சொந்த வீட்டுக்காரர்களுக்கான மானிய உச்சவரம்பு 1,50,000 டாலர். ஆனால் வீட்டின் பழைய சந்தை விலை, பழுதுச் செலவு இரண்டில் எது குறைவோ அதை வைத்தே மானியம். ஒரே மாதிரிச் சேதம். ஆனால் வீட்டு விலை குறைந்த கறுப்பின மக்கள் பகுதிகளுக்குக் கிடைத்தது குறைவு. வழக்குப் போட்டு, 2011-இல்தான் சமரசம் ஆனது.

கேட்டவர்:
நன்றி. விலை குறைந்த பகுதி என்றால் மரமும் ஆணியும் மலிவாகவா கிடைக்கும்? வயிறு எரிகிறது.