பில் கேட்ட அம்மாவுக்குத் தண்ணீரை மூடிய சங்கம்: திருகோணமலையில் நாங்கள் பட்டதும் செய்ததும்

இரவுப் பணித் தாதி, திருகோணமலை டவுன்

நானும் அம்மாவும் ஒரு மாடிவீட்டுத் தொகுதியில் பதினொரு வருடமாக இருக்கிறோம். மூன்று மாடி, பதினெட்டு வீடு. மோட்டர் கரண்ட், படிக்கட்டு லைட், காவலாளி சம்பளம் என்று மாதம் 1,500 ரூபாய் சங்கத்துக்குக் கட்டுகிறோம். போன வருடம் மோட்டர் எரிந்துவிட்டதென்று வீட்டுக்கு 8,000 கேட்டார்கள். அம்மா காசைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் எழும்பி, "பில்லை ஒருக்கால் காட்டுங்கோ தம்பி" என்று கேட்டார். பிரச்சினை அங்கே தொடங்கியது.

அடுத்த திங்கள் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். தொட்டியிலிருந்து இறங்கும் பதினெட்டுக் குழாய்களில் பதினேழில் சிவப்புச் சக்கரக் கைப்பிடி இருந்தது. எங்களுடையதில் வெறும் தண்டு மட்டும், அதில் பிளையர் பிடித்த புதுக் கீறல். வால்வை மூடியவர்கள் கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வாதம். கீழே இருக்கும் பொதுக் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து இரண்டாம் மாடிக்குத் தூக்கினார்.

பிறகு கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி எங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. பின்னேர ஷிஃப்ட் முடிந்து நான் வீடு வர இரவு பத்தரை ஆகும். ஒருநாள் இருபத்தைந்து நிமிடம் வீதியில் நின்றேன். மதிலோரம் இரண்டு மான்கள் படுத்திருந்தன, டவுனில் இருப்பவர்களுக்கு அது புதிதில்லை. உள்ளேயிருந்து காவலாளி, "தலைவர் சொன்னால்தான் திறக்கலாம் தங்கச்சி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் சொன்னதை அவர் செய்தார். அந்த வாரமே படிக்கட்டுச் சுவரில் எங்கள் வீட்டு இலக்கத்தைச் சிவப்பு மார்க்கரில் எழுதி, "ஒத்துழையாதவர்கள்" என்று ஒட்டினார்கள். அதைக் கடந்து போக வேண்டுமே என்று அம்மா பின்னேரம் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தண்ணீரை விட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சண்டை போடாமல் முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். சங்கத்தின் யாப்பு (அதன் விதிகள்), பதிவு இலக்கம், கடைசி இரண்டு வருடக் கணக்கு, இந்த மூன்றையும் கேட்டேன். பதில் இல்லை. அப்புறம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்தச் சங்கம் பதிவானதா என்று பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதினேன். தகவல் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். பதில் வந்தது: பதிவு இருந்தது, ஆனால் சில வருடங்களாகப் புதுப்பிக்கப்படவில்லை.

அந்தக் கடிதத்தோடு சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனை இலவசம். அங்கிருந்த பெண் சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வி, "இவர்கள் யார்?" என்பதுதான். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடிச் சொத்துரிமைச் சட்டத்தின்படி உருவான முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் என்றால், அதற்குச் சட்டம் தந்த அதிகாரம் உண்டு, கடமையும் உண்டு. அப்படி இல்லாமல் குடியிருப்பாளர்கள் கூடி அமைத்த சாதாரண சங்கம் என்றால், சந்தா கேட்கலாம், தராவிட்டால் இணக்க சபைக்கோ (மத்தியஸ்தர்கள் பேசித் தீர்த்துவைக்கும் சபை) நீதிமன்றத்துக்கோ போகலாம். தண்ணீரை மூடவும் கேட்டைப் பூட்டவும் தண்டம் போடவும் அதற்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். எங்களுடையது இரண்டாவது வகை. பதினொரு வருடமாக இதைத் தெரியாமலே பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

பொலிஸில் என்ட்ரி போட்டதையும் சொல்லியாக வேண்டும். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாததில் கையெழுத்துப் போட மாட்டேன், தமிழில் எழுதுங்கள் என்று மரியாதையாகச் சொன்னேன். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி, வடக்கு கிழக்கில் நிருவாக மொழியும் அதுதான். அந்த முக்கால் மணி நேரம் வீண்போகவில்லை. பிறகு இணக்க சபையில் ஒவ்வொரு சொல்லையும் வாசித்தார்கள்.

மற்றவர்களுக்கு என்ன நடந்தது? எழுதுங்கள்.

லிங்கநகர்க்காரன்

அக்கா, எங்களுடையது மாடிவீடு இல்லை, காணித் திட்டம். ஆனால் கதை அதேதான். பொதுக் கிணற்றுக்குப் போகும் ஆறடிப் பாதையில் சங்கத் தலைவர் கம்பி வேலி அடித்துவிட்டார். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் என்றார். நாலு குடும்பத்துக்குத் தண்ணீர் இல்லை. பெடியன்கள் வேலியைப் பிடுங்கப் போனார்கள், தள்ளுமுள்ளாகிவிட்டது.

பொலிஸ் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, காணித் தகராறால் அமைதி குலையலாம் என்று 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிக்கை போட்டது. நீதிமன்ற அறிவித்தல் ஒன்றைக் கிணற்றடித் தென்னையில் ஒட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் தலைவர் எங்களோடு மரியாதையாகப் பேசத் தொடங்கினார். மூன்று தவணையில் முடிந்தது. எங்கள் பாவனைக்கு யாரும் தடை போடக் கூடாது என்று கட்டளை. வேலியைக் கழற்றிய கம்பி இன்னமும் அவர் வீட்டு முற்றத்தில் சுருட்டிக் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர், உவர்மலை

தம்பி சொன்னது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடபடிமுறைச் சட்டம். இருபத்தெட்டு வருடம் இந்தக் கோப்புகளுக்குள் இருந்தவன் என்ற முறையில் சில விடயங்களைச் சேர்க்கிறேன்.

பொலிஸ் அறிக்கை போடாவிட்டால் வழி அடைபட்டது என்று நினைக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர் தாமே சத்தியக் கடதாசியோடு நேரே மனுப் போடலாம். ஆனால் அமைதி குலையும் ஆபத்து இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் பொலிஸ் என்ட்ரி உதவும். குடியிருப்பிலிருந்தோ காணியிலிருந்தோ வெளியேற்றப்பட்டிருந்தால், மனுப் போடுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அது நடந்திருக்க வேண்டும். "பேசிப் பார்ப்போம், பேசிப் பார்ப்போம்" என்று மூன்று மாதம் ஓடவிட்டு வந்து கண் கலங்கி நின்றவர்களை நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பாதை, கிணறு போன்ற பாவனை உரிமைகளுக்கு 69ஆம் பிரிவு. விசாரணை தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுபடும், ஆனாலும் மாவட்ட நீதிமன்ற வழக்கைவிட எவ்வளவோ மேல்.

இந்தக் கட்டளை சொத்து யாருடையது என்று தீர்மானிப்பதில்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை.

பொலிஸ் முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்கும் போகலாம். சங்கம் தனியார் அமைப்பு என்பதால் அதன் மேல் அடிப்படை உரிமை வழக்கு நிற்காது. பொலிஸின் செயலுக்கு நிற்கும். உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது.

வெள்ளவத்தையில் இருக்கும் திருகோணமலைக்காரன்

இங்கே எங்கள் தொடர்மாடிக்கு முறையான முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் அதன் அங்கத்தவர். லிஃப்ட் கார்டை நிறுத்தியதற்கு நான் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு எழுதினேன், தொடர்மாடிகளைக் கவனிக்கும் அரச சபை அது, கொழும்பில் இருக்கிறது. இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். 1973இல் பொது வசதிகள் சபையாக இருந்ததைத்தான் 2003இல் திருத்தி இந்தப் பெயரில் ஆக்கினார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரரிடம் ஒரு அதிகாரக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். எனக்கு அது இல்லாததால் ஒரு நாள் லீவு வீணாயிற்று.

வாடகைக்கு இருப்பவள்

நான் தனியாக இருக்கிறேன். யார் என் வீட்டுக்கு வந்தாலும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவார்கள். என் தம்பி ஹெல்மெட்டோடு படியேறும் படத்துக்குக் கீழே ஒரு கமிட்டி உறுப்பினர் எழுதியதை இங்கே எழுதவே கை கூசுகிறது. படிக்கட்டில் என்னைக் கண்டால் அதே சொற்களைச் சத்தமாகச் சொல்வார்.

எல்லாரும் "வீடு மாறிப் போ பிள்ளை" என்றார்கள். ஏன் நான் போக வேண்டும்? 1938க்கு எடுத்தேன். அது பெண்களுக்கான அரச உதவி இலக்கம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் சொல்லாலும் செயலாலும் செய்யும் பாலியல் தொந்தரவு குற்றம் என்றும், ஐந்து வருடம் வரை சிறை உண்டு என்றும் எனக்குத் தெரியவந்தது. பொலிஸில் பெண்கள் சிறுவர் பிரிவில் ஒரு பெண் அதிகாரியிடம் முறைப்பாடு கொடுத்தேன். என்னைக் குழுவிலிருந்து நீக்குவதற்கு முன்பே திகதியும் இலக்கமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அச்சடித்து வைத்திருந்தேன். அவர் படங்களை அழித்துவிட்டார், என்னிடம் பதினான்கு தாள் இருந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. படிக்கட்டில் இப்போது அவர் குனிந்துகொண்டு போகிறார்.

முன்னாள் பொருளாளர், அன்புவழிபுரம்

ஒன்று மட்டும் சொல்கிறேன், நான் மற்றப் பக்கத்தில் இருந்தவன். கோபத்தில் சந்தாவை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அதையே ஆயுதமாகப் பிடிப்பார்கள். கையில் வாங்க மறுத்தால் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போடுங்கள், இல்லையென்றால் காசுக்கட்டளை அனுப்புங்கள். துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

இரவுப் பணித் தாதி

எல்லாருக்கும் நன்றி. பொருளாளர் ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் நாங்கள் செய்தோம். துண்டுகள் எல்லாவற்றையும் அம்மா பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்.

போன சனிக்கிழமை இணக்க சபை ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடியது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி நடப்பது. மத்தியஸ்தர்கள் மூன்று பேர். இரண்டு பக்கத்துக்காகவும் சட்டத்தரணிகள் வந்து பேச முடியாது. தலைவர் ஒரு லோயரைக் கூட்டிக்கொண்டு வந்து, அவரை வாசலில் நிற்க வைக்க வேண்டியதாயிற்று. இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம் என்று எங்களுக்கு முதலிலேயே விளக்கினார்கள். மூவரில் ஒருவர் வயதான ஆசிரியை. தலைவரைப் பார்த்து, "தண்ணீரை மூடச் சொல்லி எந்தக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தீர்கள்? குறிப்புப் புத்தகம் எங்கே தம்பி?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் வைத்தார்.

தண்ணீர் அன்று பின்னேரமே வந்தது. கேட்டுச் சாவி ஞாயிறு காலை கைக்கு வந்தது. சுவரில் ஒட்டிய தாளைத் தலைவரே கிழித்தார், பசைத் தடம் இன்னும் இருக்கிறது. மோட்டர் பில்லையும் இரண்டு வருடக் கணக்கையும் காட்ட அடுத்த சனிக்கிழமை வரை தவணை கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குப் பகல் ஷிஃப்ட். அம்மா தனியாகப் போவதாகச் சொல்லிவிட்டார்.

வால்வுக்குக் கைப்பிடி மட்டும் இன்னும் தரவில்லை.