அயர்லாந்தில் தனியாகக் கார்ப் பயணம்: ஆலோசனை தேவை

கேள்வி – கடலோடி:
வணக்கம். வரும் மே மாதம் டப்ளினில் வாடகைக் கார் எடுத்து, கால்வே, டிங்கிள், கெர்ரி வழியாக ஒரு வாரம் தனியாகச் சுற்றிவர எண்ணியுள்ளேன். ஓட்டிப் பழக்கம் உண்டு. ஆயினும் வழி சொல்லப் பக்கத்தில் ஆளில்லாமல் குறுகலான சாலைகளில் செல்லத் தயக்கமாக உள்ளது. எதில் கவனம் வேண்டும்?

மறுமொழி – வழிப்போக்கன்:
அங்கும் இடப்பக்கமே ஓட்ட வேண்டும் என்பதால் பாதிக் கவலை தீர்ந்தது. கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளில் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரி முதல் மணிக்கு 60 கி.மீ.; இருபுறமும் புதர்வேலி நெருக்கும் வளைவுகளில் அந்த வேகமே மிக அதிகம். கெர்ரி வளையம் எனும் வட்டச் சுற்றுலாச் சாலையில் பேருந்துகள் வலஞ்சுழிக்கு எதிராகச் செல்வதால், காலையிலேயே புறப்பட்டு அவற்றுக்கு முன்பே சென்றுவிடுங்கள். டிங்கிளின் ஸ்லே ஹெட் சாலையிலோ வலஞ்சுழியாகச் செல்வதே நல்லது. தனியாக ஓட்டுபவர் கடலைப் பார்க்க விரும்பினால், தயவுசெய்து ஒதுக்கிடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

மறுமொழி – தென்றல்:
டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச்சாவடியே கிடையாது. கேமரா எண்பலகையைப் பதிவுசெய்யும், மறுநாள் இரவு 8 மணிக்குள் சுங்கக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அதை வாடகை நிறுவனம் செலுத்துமா, நீங்களா என்பதைக் கார் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமெனில் முன்பதிவு அவசியம்.