பேல் (மொத்தக் கட்டு) கணக்கும் பீஸ் கணக்கும்: பெட்ஷீட் யூனிட்டுகள் நேரடி விற்பனையில் சறுக்கும் இடங்கள்

சென்னிமலை, கரூர் பக்கம் எந்த யூனிட்டுக்குப் போனாலும் முதல் பேச்சு இதுதான்: "நாம 420க்குக் கொடுக்கறதைக் கடையில 899க்கு விக்கறாங்க. ஆன்லைன்ல நேரா வித்தா நடுவுல இருக்கற 479 நமக்கே வரட்டுமே." வராது. ஒரு டபுள் பெட்ஷீட், இரண்டு தலையணை உறை செட்டுக்கு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டினால்தான் புரியும். 899க்குள் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 43 ரூபாய். கூரியர் 85, கவரும் லேபிளும் 12, பணம் வசூலிக்கும் கட்டணம் 20, விளம்பரம் 150. அடுத்தது திரும்பி வரும் பார்சல். கேஷ் ஆன் டெலிவரியில் நூறு அனுப்பி இருபது திரும்பினால், ஒவ்வொன்றுக்கும் போகவர 145 வீதம் 2,900 ரூபாய். அதை விற்ற எண்பதின் தலையில் கட்டினால் பீஸுக்கு 36. மொத்தத்துக்குக் கொடுக்கும் விலையான 420ஐயும் கூட்டினால் 766. கையில் நிற்பது 133. இதில் பேக்கிங் ஆள் கூலி இன்னும் சேரவில்லை.

*

அந்த 85 ரூபாய் கூரியரே பேக்கிங்கைப் பொறுத்துத்தான். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) துணியில் செட் ஒன்று கவரோடு 900 கிராம் வரும். அதை அட்டைப்பெட்டியில் 35×28×8 செ.மீ. என்று போட்டால், நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 5000 ஆல் வகுக்கும் கூரியரில் கன எடை (பார்சல் அடைக்கும் இடத்துக்குப் போடும் எடை) 1.57 கிலோ, 2 கிலோ பில் வந்துவிடும். அதே செட்டை இறுக்கி மடித்து, உயரத்தை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்து கூரியர் கவரில் போட்டால் 0.98. ஒரு கிலோவுக்குள் முடிந்தது. பளபளப்பான பெட்டி கேட்கும் முதலாளிகளிடம் இந்த இரண்டு எண்ணையும் எழுதிக் காட்டினால் பெட்டி ஆசை போய்விடும்.

*

அடுத்தது விரிப்பின் அளவு. புகார் அதிகம் வருவது அங்கேதான். குடோனில் "90க்கு 100" என்றால் அகலம் 90, நீளம் 100 இஞ்ச் என்று எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர் வீட்டில் 72×78 இஞ்ச் கிங் மெத்தை, கனம் 8 இஞ்ச். அகலத்துக்கு 72ஓடு இரண்டு பக்கமும் எட்டு எட்டு சேர்த்தால் 88. புதிதாக விரிக்கும்போதே சொருக ஒரு பக்கத்துக்கு ஒரு இஞ்ச்தான் மிச்சம். துணி 4 சதவீதம் சுருங்கினால் 90 என்பது 86.4 ஆகிவிடும், மெத்தையின் அடிவிளிம்பையே தொடாது. கடையில் விற்பவர் மெத்தையின் கனத்தைக் கேட்டு 108×108 எடுத்துக் கொடுப்பார். ஆன்லைனில் கேட்க ஆள் இல்லை. அதனால் "டபுள்", "கிங்" என்று மட்டும் போடாமல், எந்த மெத்தைக்கு, எத்தனை இஞ்ச் கனம் வரை என்று எழுதுங்கள். லேபிளில் அளவு 229×254 செ.மீ. என்று இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, மாதம், வருடம், வரிகள் உட்பட எம்ஆர்பி, புகார் சொல்லத் தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அதே லேபிளில்.

*

சாய லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணி, பற்றி ஒரு வார்த்தை. பேலாகப் போகும்போது லாட் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் ஒரே லாட் ஒரே கடைக்குப் போகும். ஒற்றைச் செட்டில் விரிப்பு ஒரு லாட், உறை இன்னொரு லாட் என்றால் பிரித்ததும் கண்ணில் குத்தும். கட்டிங்கிலேயே உறையையும் சேர்த்து வெட்டி, லாட் சீட்டை உள்ளே வையுங்கள். மெரூன், கருநீலம் போன்ற அடர் நிறங்களை ஈரமான வெள்ளைத் துணியால் பத்துத் தரம் தேய்த்துப் பார்த்துவிட்டு ரேக்குக்கு அனுப்புங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டினால் சாயப்பட்டறையில் சோப்பு வாஷ் போதவில்லை. "முதல் தடவை உப்புத் தண்ணியில் அலசுங்கள்" என்று சீட்டு வைப்பது ரியாக்டிவ் சாயத்துக்கு (பருத்தி இழையோடு வேதியியலாகப் பிணையும் சாயம்) எந்தப் பயனும் தராது.

*

ஸ்டாக்: 12 நிறம், 3 அளவு என்று 36 வகையையும் ஏற்ற வேண்டாம். 4 நிறம், 2 அளவு, வகைக்கு 30. மொத்தம் 240 செட், தனி ரேக், தனி நோட்டு, முடிந்தால் தனிப் பூட்டு. பூட்டு என்றால் சிரிப்பார்கள். மொத்தமாகச் சரக்கு எடுக்கும் ஏஜெண்ட் போன் போட்டு "ஒரு பேல் குறையுது" என்றதும் குடோன் ஆள் முதலில் கை வைப்பது அந்த ரேக்கில்தான். ஆன்லைன் தளத்தில் இருப்பு காட்டும், ரேக்கில் துணி இருக்காது.

*

அந்த ஏஜெண்டைப் பகைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் பெரிய வேலை. அவருக்குப் போகும் டிசைனை நேரடி விற்பனையில் போடாதீர்கள்; வேறு பார்டர், வேறு பெயர், வேறு பேக்கிங். கடை விலைக்குக் கீழே இறங்கவும் கூடாது. தீபாவளித் தள்ளுபடி போட்டால் அரைமணி நேரத்தில் அதன் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும், கூடவே பழைய பாக்கி பற்றிய பேச்சும்.

*

வரி பக்கம் சின்னதுதான், ஆனால் விடுபடும். பெரிய ஆன்லைன் சந்தைகள் வழியாக விற்றால் ஜிஎஸ்டி டிசிஎஸ் 0.5 சதவீதம் (ஜூலை 2024 முதல்), வருமான வரி டிடிஎஸ் 0.1 சதவீதம் (அக்டோபர் 2024 முதல்) என இரண்டு வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். இரண்டையும் ஆடிட்டர் தனியாகக் கிளெய்ம் எடுக்க வேண்டும். கணக்குப்பிள்ளை வங்கியில் வந்த தொகையையே விற்பனை என்று எழுதினால் வரி ரிட்டர்ன் பொருந்தாது. கடைசியாக, திரும்பி வரும் பார்சலைப் பிரிக்கும்போது தராசில் வைத்து, அனுப்பிய கிராமோடு ஒப்பிட்டு, வீடியோ எடுத்தபடியே பிரியுங்கள். உள்ளே பழைய விரிப்பு வருவது உண்டு. எடையும் வீடியோவும் இல்லாமல் ஆன்லைன் சந்தையிடம் நஷ்ட ஈட்டுக் கிளெய்ம் போட்டால் நிற்காது.